எந்தக் கண் எத்தனை மணிக்குப் பார்க்கிறது? வேலூர்ப் பக்கத்துப் புகையையும் புழுதியையும் கண்காணிக்கும் வழிகள்: ஓர் ஒப்பீடு

எங்கள் ஊர் காட்பாடி வட்டத்தில், பிரதான சாலையிலிருந்து சற்று உள்ளடங்கி இருக்கிறது. மேற்கே கல்குவாரியும் அதையொட்டி ஜல்லி உடைக்கும் கிரஷர்களும் இருக்கின்றன. ஏரியைத் தாண்டினால், பொங்கல் முடிந்த கையோடு செங்கல் சூளைகள் புகையத் தொடங்கிவிடும். ஏரிக்கரையிலேயே ஒரு குப்பைமேடு. யார் வைத்தார்கள் என்று யாருக்கும் தெரியாத தீ அதில் அடிக்கடி கனன்றுகொண்டிருக்கும். குடியிருப்போர் நலச் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில், காற்றின் நிலையைப் பதிவு செய்ய ஒரு சிறு தொகையை ஒதுக்குவது என்று முடிவானது. அதை எதில் செலவிடுவது என்ற கேள்வியில்தான் சங்கம் இரண்டு கட்சியானது. செயற்கைக்கோள் படங்கள் இலவசமாகக் கிடைக்கும்போது காசைக் கரைப்பானேன் என்றது ஒரு கட்சி. ஆகாயத்தில் 700, 800 கிலோமீட்டர் உயரத்திலிருந்து எடுத்த படத்தை வைத்துக்கொண்டு நம் தெருப் புகையை அளக்க முடியாது, கருவி வாங்குவோம் என்றது மற்றது. அரசுப் பள்ளியில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவன் என்பதால், இரண்டையும் ஒப்பிட்டு எழுதித் தரும் பொறுப்பு என்மேல் விழுந்தது. சங்கத்துக்காக எழுதிய குறிப்பைச் சற்று விரித்து, இதே சிக்கலில் இருக்கும் மற்ற ஊர்க்காரர்களுக்கும் பயன்படும்படி இங்கே தருகிறேன்.

ஒப்பிடத் தொடங்குமுன், நாம் அளக்க நினைப்பது ஒரே பொருள் அல்ல என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். குப்பையும் கரும்புச் சோகையும் விறகும் எரியும்போது எழும் புகையின் துகள்கள் மிக நுண்ணியவை, பி.எம். 2.5 என்று சொல்லப்படும், 2.5 மைக்ரோமீட்டருக்கும் குறைந்த விட்டமுள்ள வகையைச் சேர்ந்தவை. மூச்சோடு நுரையீரலின் அடிவரை செல்லக்கூடியவை. கிரஷரிலிருந்து கிளம்பும் கல்தூள் பெரும்பாலும் பருமனானது. கொஞ்ச தூரம் பறந்து, இலைமேலும் கூரைமேலும் படிந்துவிடும். வாகனப் புகையில் வரும் நைட்ரஜன் டை ஆக்சைடோ துகளே அல்ல, வாயு. இவை போக, ஜனவரி முதல் மார்ச் வரை சில நாட்களில் மலைகளை மறைத்துக்கொண்டு நிற்கும் மங்கல் நம் ஊரில் பிறந்ததா, வெளியிலிருந்து வந்ததா என்ற கேள்வியும் உண்டு. இந்த நான்குக்கும் ஒரே கருவி விடை சொல்லும் என்று எதிர்பார்த்ததுதான் எங்கள் கூட்டத்தில் நடந்த சண்டைக்கெல்லாம் மூலம்.

என் கண்ணைத் திறந்தது ஒரு போகிப் பண்டிகை. விடியற்காலை நாலரை மணிக்கு மொட்டை மாடிக்குப் போய்ப் பார்த்தேன். பழைய பாய், முறம், துணி, இவற்றோடு சேரக் கூடாத டயர் ஆகியவற்றின் புகை தெருவிளக்குகளுக்குக் கீழேயே தங்கி, எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டியின் எண்ணெழுத்துகூடத் தெரியாதபடி மூடியிருந்தது. மார்கழிக் குளிரில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்தும் அதற்கு மேலுள்ள காற்று சற்று வெதுவெதுப்பாகவும் இருப்பதால், புகை மேலெழ வழியின்றி மூடி போட்ட பானைக்குள் இருப்பதுபோல் தங்கிவிடுகிறது. மறுநாள், நாசாவின் வேர்ல்ட்வியூ தளத்தில் அந்த நாளின் படத்தைத் திறந்தேன். வேலூர் தெளிவாக இருந்தது. பாலாற்றின் வெண்மணல் பட்டை, பாலமதிப் பக்கத்து மலைகள், காவேரிப்பாக்கம் ஏரியின் கருநீலம் எல்லாம் பளிச்சென்று தெரிந்தன. படத்தில் பிழையில்லை. அந்தச் செயற்கைக்கோள் எங்கள் தலைக்கு மேல் வந்தபோது வெயில் ஏறி, மூடி விலகி, புகை கலைந்துவிட்டிருந்தது.

எனவே செயற்கைக்கோள்களை ஒப்பிடும்போது எல்லோரும் முதலில் கேட்கும் ‘எத்தனை மீட்டர் துல்லியம்’ என்ற கேள்விக்கு முன்பாக, ‘எத்தனை மணிக்கு வருகிறது’ என்று கேட்க வேண்டும் என்பதே என் கருத்து. துருவத்திலிருந்து துருவத்துக்குச் சுற்றும் செயற்கைக்கோள்கள் ஒவ்வோர் இடத்தையும் ஏறத்தாழ ஒரே சூரிய நேரத்தில் கடக்கும்படி ஏவப்படுகின்றன. 1999இல் ஏவப்பட்ட டெர்ரா காலை பத்தரைக்கும், 2002இல் ஏவப்பட்ட அக்வா பிற்பகல் ஒன்றரைக்கும் என்று வகுக்கப்பட்டிருந்தன. இரண்டுமே முதுமை எய்தி, இப்போது அந்த நேரத்திலிருந்து விலகிக்கொண்டிருக்கின்றன. அவற்றின் இடத்தை எடுத்துக்கொண்டிருக்கும் வி.ஐ.ஐ.ஆர்.எஸ். என்ற கருவி சுவோமி என்.பி.பி., நோவா-20, நோவா-21 ஆகிய மூன்று செயற்கைக்கோள்களில் இருக்கிறது. அவை பகல் ஒன்றரையையும் இரவு ஒன்றரையையும் ஒட்டி, ஒன்றன்பின் ஒன்றாகச் சிறு இடைவெளியில் கடக்கின்றன. நம் கடிகாரப்படி பகல் கடப்பு பெரும்பாலும் ஒரு மணிக்கும் இரண்டரைக்கும் இடையில் விழும். அந்த நேரத்தில் வேலூர் வெயிலில் எந்தப் புகையும் தரையில் தங்காது. குப்பைமேட்டுக்குத் தீ வைப்பவரும் அந்த வெயிலில் வெளியே வரமாட்டார்.

இது நம் ஊருக்கு மட்டும் உரிய சங்கடம் அல்ல. பஞ்சாபிலும் ஹரியானாவிலும் நெல் அறுத்த தாளை எரிப்பதைக் கணக்கெடுக்க இதே பிற்பகல் செயற்கைக்கோள்களைத்தான் நம்பியிருந்தார்கள். தீப்புள்ளிகளின் எண்ணிக்கை குறைந்துகொண்டே வந்தாலும் புகை அந்த அளவுக்குக் குறையாததைக் கண்ட நாசா விஞ்ஞானி ஹிரேன் ஜெத்வா, பூமியோடு சேர்ந்தே சுழன்று, ஒரே இடத்துக்கு மேல் நிலையாக நின்று நாள் முழுதும் படமெடுக்கும் தென்கொரியாவின் புவிநிலைச் செயற்கைக்கோளின் படங்களை வைத்து, செயற்கைக்கோள் கடந்து சென்ற பிறகே எரிப்பு மும்முரமாக நடக்கிறது என்று சுட்டிக்காட்டினார். 2024 நவம்பரில் டெல்லிக் காற்று மாசு வழக்கை விசாரித்த உச்ச நீதிமன்றமும், புவிநிலைச் செயற்கைக்கோள் தரவைப் பெறும்படி அறிவுறுத்தியது. ஒரு நாட்டின் தலைநகரமே ஏமாந்த இடத்தில் எங்கள் சங்கம் ஏமாறுவது வெட்கப்பட வேண்டிய விஷயம் இல்லை.

நேரத்தை அடுத்து வருவது, செயற்கைக்கோள் அளப்பது எதை என்ற கேள்வி. ஏ.ஓ.டி. என்று குறிக்கப்படும் அளவு, வானின் உச்சியிலிருந்து தரைவரை உள்ள மொத்தக் காற்றுத் தூணிலும் மிதக்கும் துகள்கள் எவ்வளவு ஒளியைத் தடுக்கின்றன என்பதைச் சொல்கிறது. அது 0.1 என்றால் வானம் தெளிவு. 1 என்றால் நேர் உச்சியிலிருந்து வரும் ஒளியில் சுமார் 37 சதவீதமே சிதறாமல் தரையைத் தொடுகிறது. அந்தத் துகள்கள் நாம் மூச்சுவிடும் உயரத்தில் இருக்கின்றனவா, இரண்டு கிலோமீட்டர் மேலே மிதக்கின்றனவா என்பதை அந்த எண் தானாகச் சொல்லாது. ஈரப்பதம் மிகுந்த நாளில் அதே துகள்கள் நீரை உறிஞ்சிப் பருத்து, கூடுதல் ஒளியைத் தடுக்கும்; அப்போது எண் உயரும், தூசு உயர்ந்திருக்காது. மேகம் இருந்தால் எண்ணே கிடைக்காது. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வாரக்கணக்கில் வெற்றுக் கட்டங்களைத்தான் பார்க்க வேண்டியிருக்கும். புகை மிக அடர்த்தியாக இருந்தால், அதையே மேகம் என்று கருதிக் கணக்கீடு தள்ளிவிடுவதும் உண்டு.

வேலூருக்கென்று தனியே ஒரு தொல்லையும் இருக்கிறது. ‘மரமில்லா மலை, நீரில்லா ஆறு’ என்று நம் ஊரைக் கேலி செய்வார்களே, அந்தக் கேலி இங்கே தொழில்நுட்பச் சிக்கலாகவே வந்து நிற்கிறது. பச்சை அடர்ந்த கருநிறத் தரையின் பின்னணியில்தான் மெல்லிய தூசுப் படலம் எடுப்பாகத் தெரியும். வெறும் பாறையும் காய்ந்த ஆற்று மணலும் தாமே ஒளியை வாரி எறிவதால், மேலிருந்து பார்க்கும் கருவிக்குத் தரையின் வெளிச்சம் எது, தூசின் வெளிச்சம் எது என்று பிரிப்பது கடினமாகிறது. இதற்காகவே தாவரம் மூடிய நிலத்துக்கு ஒரு கணக்கீட்டு முறையையும், பளிச்சிடும் நிலத்துக்கு நீல அலைவரிசையைப் பயன்படுத்தும் வேறொரு முறையையும் வைத்திருக்கிறார்கள். 10 கிலோமீட்டர் கட்டங்களாக வரும் பழைய தரவில் வேலூர் மாநகராட்சி முழுவதும் ஏறத்தாழ ஒரே கட்டத்துக்குள் அடங்கிவிடும். சத்துவாச்சாரிக்கும் காட்பாடிக்கும் வேறுபாடு தெரியாது. மாயாக் என்ற முறையில் கணக்கிடப்படும் 1 கிலோமீட்டர் தரவு இதைவிடப் பலமடங்கு மேல். ஏ.ஓ.டி. வேண்டும் என்றால் நான் அதைத்தான் பரிந்துரைப்பேன். அதுவும் ஒரு நாளின் எண்ணை நம்பாமல், மாத சராசரியாக.

இவ்வளவு குறை சொன்னபிறகு, இந்த அகலப் படங்கள் எதற்கு நிகரற்றவை என்பதையும் சொல்லிவிட வேண்டும். மங்கல் உள்ளூரில் பிறந்ததா, வெளியூர்ச் சரக்கா என்ற கேள்விக்கு இவற்றைவிடத் தெளிவாக விடை சொல்ல வேறெதுவும் இல்லை. குளிர்காலத்தில் வடகிழக்கிலிருந்து வீசும் காற்று கங்கைச் சமவெளியின் புகையை வங்கக் கடல் வழியாகத் தெற்கே கொண்டுவரும். 1999 ஜனவரி முதல் மார்ச் வரை நடந்த இண்டோயெக்ஸ் ஆய்வு இந்தியப் பெருங்கடலின் வடபகுதி முழுதும் இப்படிப்பட்ட மாசுப் படலம் பரவியிருப்பதைப் பதிவு செய்தது. அதை முன்னின்று நடத்தியவர்களில் ஒருவர், நம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்த வீ. ராமநாதன். மங்கலான ஒரு தை மாதக் காலையில், கடலிலிருந்து ஆந்திரக் கரை வழியாக உள்ளே நீளும் சாம்பல் படலத்தைப் படத்தில் பார்த்துவிட்டால், அன்றைய பழியைச் செங்கல் சூளைக்காரர் தலையில் போட மாட்டோம். ஒரு புகார் நிற்க வேண்டுமானால், இந்த நேர்மை அதற்கு முதலில் தேவை.

தீப்புள்ளிகளைக் காட்டும் நாசாவின் ஃபிர்ம்ஸ் சேவை வேறு வகை. அது புகையை அளப்பதில்லை. வெப்பத்தை மட்டும் பார்த்து, செயற்கைக்கோள் கடந்த சுமார் மூன்று மணி நேரத்துக்குள் வரைபடத்தில் புள்ளி வைக்கிறது. நம் பகுதியை வரைந்து கொடுத்துவிட்டால் மின்னஞ்சலில் எச்சரிக்கையும் வரும். மாசி முதல் சித்திரை வரை ஜவ்வாது மலையிலும் சுற்றுக் காடுகளிலும் பற்றும் தீயைக் கவனிக்க இதைவிட எளிய வழி இல்லை. இரவுக் கடப்பு இருப்பதால், பகலில் தப்பிய தீயும் அகப்படும். ஆனால் ஒரு புள்ளி என்பது 375 மீட்டர் சதுரத்தின் மையம், அதாவது ஏறத்தாழ 35 ஏக்கர் பரப்பின் நடு. அந்தப் புள்ளி யாருடைய கொல்லையில் விழுந்திருக்கிறதோ அவர்தான் தீ வைத்தார் என்று கிளம்பினால் ஊரில் வெட்டுக்குத்துதான் நடக்கும். வேலூர்க் கோடையில் சூடேறிய தகரக் கூரையும் வெறும்பாறையும் எப்போதாவது தீயாகக் காட்டப்படலாம். ‘குறைந்த நம்பகம்’ என்று குறியிட்ட பகல்நேரப் புள்ளிகளை நான் ஒதுக்கிவிடுவேன். நேரம் கிரீன்விச் கணக்கில் இருக்கும் என்பதையும், அதோடு ஐந்தரை மணி நேரம் கூட்ட வேண்டும் என்பதையும் மறந்துவிடக் கூடாது. எங்கள் செயலாளரே 0815 என்று போட்டிருந்ததைக் காலை எட்டேகால் என்று எண்ணி, அந்த நேரத்தில் வயலில் நின்றவரிடம் சண்டைக்குப் போயிருக்கிறார்.

வாயுக்களுக்கு ஐரோப்பாவின் சென்டினல்-5பி செயற்கைக்கோள் இருக்கிறது. 2017 அக்டோபரில் ஏவப்பட்டது. அதன் ட்ரோபோமி கருவி நைட்ரஜன் டை ஆக்சைடு, கந்தக டை ஆக்சைடு, கார்பன் மோனாக்சைடு, மீத்தேன் முதலியவற்றை அளக்கிறது. நைட்ரஜன் டை ஆக்சைடுக்கு ஒரு கட்டம் 5.5க்கு 3.5 கிலோமீட்டர். சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையை ஒட்டி மாத சராசரியில் ஏற்ற இறக்கம் பார்க்க விரும்பும் கல்லூரி மாணவருக்கு அருமையான தரவு. ஒரு தெருவின் புகாருக்கு உதவாது. வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கத்து நண்பர்கள் பலர் தோல் பதனிடும் கழிவின் நாற்றத்தை இதில் பிடிக்க முடியுமா என்று கேட்டார்கள். அழுகிய முட்டை வாடைக்குக் காரணமான ஹைட்ரஜன் சல்ஃபைடை ட்ரோபோமி அளப்பதில்லை. அந்தக் கதவு மூடியிருக்கிறது.

நேரம்தான் முக்கியம் என்று சொன்ன வாயால் நம் நாட்டின் இன்சாட் வரிசையைப் புகழாமல் இருக்க முடியாது. 2016இல் ஏவப்பட்ட இன்சாட்-3டிஆரும் 2024 பிப்ரவரியில் ஏவப்பட்ட இன்சாட்-3டிஎஸ்ஸும் ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் பூமியோடு சேர்ந்தே சுழல்வதால், நம் தலைக்கு மேல் நிலையாக நின்று அரை மணிக்கு ஒரு படம் எடுக்கின்றன. அகமதாபாத் விண்வெளிப் பயன்பாட்டு மையத்தின் மாஸ்டாக் தளத்தில் பதிவு செய்துகொண்டால் தரவு கிடைக்கும். எனினும் அவ்வளவு உயரத்திலிருந்து பார்ப்பதால் கட்புல ஒளியில் 1 கிலோமீட்டரும் வெப்பக் கதிரில் 4 கிலோமீட்டரும்தான் துல்லியம். காட்டுத்தீப் புகை எந்தப் பக்கம் நகர்கிறது, வெளியூர் மங்கல் எத்தனை மணிக்கு வந்தது என்பதைப் பார்க்கலாம். குப்பைமேடு அதன் கண்ணுக்குப் படாது. எந்நேரமும் விழித்திருக்கும் கண்ணுக்குக் கிட்டப்பார்வை, கூர்மையான கண்ணோ நாளுக்கு ஒரு முறைதான் திறக்கிறது.

கூர்மையில் இலவசமாகக் கிடைப்பவற்றுள் முதலிடம் சென்டினல்-2க்கு. ஒரு படப்புள்ளி 10 மீட்டர் சதுரம். நம் கணக்கில் சொன்னால் இரண்டரை சென்ட் நிலம். ஐந்து நாளுக்கு ஒரு முறை, காலை பத்தரைக்கும் பதினொன்றுக்கும் இடையில் நம் பகுதியைக் கடக்கிறது. காற்றை அளக்க ஏவப்பட்டதல்ல அது, நிலத்தைப் பார்க்க ஏவப்பட்டது. ஆயினும் எங்கள் தேவைக்கு இது கொடுத்த அளவு வேறெந்தச் செயற்கைக்கோளும் கொடுக்கவில்லை. கோப்பர்நிக்கஸ் பிரவுசர் தளத்தில் பழைய படங்களை வரிசையாக ஓட்டிப் பார்த்தால், குவாரிக் குழி எந்த ஆண்டில் எந்தப் பக்கம் வளர்ந்தது, ஜல்லிக் குவியல் ஏரி வரத்துக்கால்வாயை எப்போது தொட்டது, குப்பைமேடு எவ்வளவு பரவியது என்பதெல்லாம் நாள் குறித்த சான்றாகக் கிடைக்கின்றன. கிரஷரைச் சுற்றியுள்ள மாந்தோப்பில் கோடை முழுவதும் வெள்ளைப் பூச்சு ஏறி, முதல் மழைக்குப் பிறகு பச்சை திரும்புவதையும் பார்க்க முடிகிறது. தொலைவிலுள்ள தோப்போடு ஒப்பிட்டால் வேறுபாடு இன்னும் துலக்கமாகத் தெரியும். 20 மீட்டர் கட்டமாக, அதாவது சுமார் பத்து சென்ட் அளவில் வரும் குறுஅலை அகச்சிவப்புப் படத்தில், எரிந்துகொண்டிருக்கும் இடம் செம்மஞ்சளாக ஒளிரும். சூளை பலநாள் தொடர்ந்து எரிவது; ஆகவே ஐந்து நாளுக்கு ஒரு முறை வந்தாலும் அகப்பட வாய்ப்புண்டு. கட்டணம் கட்டினால் நாள்தோறும் 3 மீட்டர் அளவில் படம் தரும் தனியார் நிறுவனங்களும் இருக்கின்றன. எங்கள் தொகைக்கு அது கட்டுப்படியாகாது. கட்டுப்படியானாலும், குழி வளர்வதைப் பார்க்க நாள்தோறும் படம் எதற்கு?

கைப்பேசியில் காட்டும் காற்றுத் தர எண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. ‘காட்பாடி: 78’ என்பதுபோல் ஓர் எண்ணைப் பார்த்ததும், எங்கோ ஒரு கருவி அளந்து சொல்கிறது என்று நம்பிவிடுகிறோம். அருகில் நிலையம் இல்லாத இடங்களில் அது பெரும்பாலும் கணினி மாதிரியின் மதிப்பீடு. ஐரோப்பாவின் கேம்ஸ் உலக முன்கணிப்பின் ஒரு கட்டம் சுமார் 40 கிலோமீட்டர். அதில் வேலூரும் ராணிப்பேட்டையும் கிட்டத்தட்ட ஒரே ஊர். நாளை மங்கல் வருமா என்று பார்க்க உதவும். நேற்று நம் தெருவில் என்ன நடந்தது என்பது அதற்குத் தெரியாது.

இனி தரைக் கருவிகள். சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் சிறு சென்சார்கள், ஒரு விசிறியால் காற்றை உள்ளிழுத்து, லேசர் ஒளிக்கற்றையில் துகள்கள் சிதறடிக்கும் ஒளியை எண்ணுகின்றன. இரவோ பகலோ மேகமோ அவற்றுக்குப் பொருட்டல்ல. போகி விடியலையும் தீபாவளி நள்ளிரவையும் நிமிடவாரியாகப் பிடித்துவிடும். எங்கள் கருவிக் கட்சிக்காரர்கள் இந்த அளவில் சொன்னது சரியே. அவர்கள் சொல்லாமல் விட்டவை இரண்டு. முதலாவது, ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தாண்டினால் இவை பனித்துளியையும் தூசாக எண்ணி, கூட்டிச் சொல்லும். மார்கழி விடியலில் இதைத் திருத்தாமல் எண்ணை வெளியிட்டால் எதிர்த்தரப்பு எளிதில் உடைத்துவிடும். இரண்டாவது குறைதான் பெரிது. இந்தச் சென்சார்கள் நுண்துகள்களை ஓரளவு நன்றாகவும், பருமனான துகள்களை மிக மோசமாகவும் அளக்கின்றன. பி.எம். 10 என்று திரையில் காட்டும் எண், பெரும்பாலும் நுண்துகள் எண்ணிலிருந்து ஊகித்துப் பெருக்கியது. கிரஷரின் கல்தூளோ பருமனானது. ஆகவே எங்கள் ஊரின் பெரிய குறையான கல்தூளைப் பிடிக்க இந்தக் கருவியை வாங்குவது, கெண்டை பிடிக்க வேண்டிய இடத்தில் கொசுவலையை எடுத்துப் போவது போலத்தான். புகைக்கு இதை வாங்கலாம். கல்தூளுக்கு வாங்கக் கூடாது.

கல்தூளுக்கு என்ன வழி என்று தேடியபோதுதான், எங்கள் பட்டியலிலேயே இல்லாத ஒன்று அகப்பட்டது: தூசு விழும் ஜாடி. வாய் அகன்ற ஜாடியில் காய்ச்சி வடித்த நீரை ஊற்றி, பாசி பிடிக்காமலிருக்கச் சிறிது மயில்துத்தம் கலந்து, மாடியில் முப்பது நாள் வைத்திருந்து, விழுந்த தூசை வடிகட்டி உலர்த்தி எடைபோடுவது. பழைய முறை, மின்சாரம் வேண்டாம், இணையம் வேண்டாம். கல்லூரி வேதியியல் ஆய்வகத்தின் துல்லியத் தராசு மட்டும் வேண்டும். ஜாடி வாயின் பரப்பால் வகுத்தால், ஒரு சதுர மீட்டரில் மாதத்துக்கு எத்தனை கிராம் விழுந்தது என்று தெரியும். இந்த முறையில் விழுவது எந்த நாளில், எந்த மணியில் என்று தெரியாது. ஆனால் ‘கொடியில் காயும் துணியில் படிகிறது’ என்று வாயால் சொல்லிக்கொண்டிருந்ததை எண்ணாக மாற்ற முடிகிறது.

எந்த எண்ணை எதற்கு எதிரே வைப்பது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். 2009ஆம் ஆண்டின் தேசியக் காற்றுத் தர நியமப்படி, 24 மணி நேர சராசரியில் பி.எம். 2.5 ஒரு கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராமையும் பி.எம். 10 100 மைக்ரோகிராமையும் தாண்டக் கூடாது. உலக சுகாதார நிறுவனம் 2021இல் வகுத்த அளவுகள் முறையே 15, 45. கல் உடைக்கும் ஆலைகளுக்குத் தனி விதி இருக்கிறது: எந்திரத்திலிருந்து 3 முதல் 10 மீட்டருக்குள் அளந்தால், மிதக்கும் துகள்கள் 600 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது. அந்த அளவீட்டை ஆலை வளாகத்துக்குள் போய், வடிதாளில் காற்றை இழுத்து எடைபோடும் கருவியால் செய்ய வேண்டும். அதற்கு அதிகாரம் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குத்தான் இருக்கிறது. நம் வேலை, அவர்கள் வந்து அளக்கும்படி செய்வதற்குப் போதுமான காரணத்தைக் கையில் வைத்துக்கொள்வது. ஆட்சியர் அலுவலகத்துத் திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் வெறும் மனுவாகப் போனால் ஒரு ரசீதோடு திரும்பி வருவோம். நாள் குறித்த சென்டினல்-2 படங்களும் ஆறு மாத ஜாடி எடைகளும் இணைந்த மனுவை அவ்வளவு எளிதாக மடித்து வைத்துவிட முடியாது.

இவ்வளவையும் எடைபோட்டு நான் சங்கத்துக்குச் சொன்ன முடிவு இரு கட்சிக்கும் முழுத் திருப்தி தரவில்லை. பணத்தில் பாதியை இரண்டு சிறு சென்சார்களுக்குச் செலவிடலாம். ஆனால் வந்தவுடன் மாட்டிவிடாமல், முதலில் மூன்று நான்கு வாரம் அரசுக் கண்காணிப்பு நிலையம் ஒன்றின் அருகில் வைத்து, அதன் எண்ணோடு ஒப்பிட்டுத் திருத்தக் கணக்கைப் பெற வேண்டும். ஒன்று ஏரிக்கரைப் பக்கம், மற்றது ஊரின் எதிர்க்கோடி. ஒன்றே ஒன்று போதும் என்றவர்களுக்கு ஆடிக் காற்றை நினைவூட்டினேன். அம்மியைப் பறக்கவைக்கும் அந்தக் காற்று மேற்கிலிருந்து வீசுகிறது. தை மாதக் காற்றோ வடகிழக்கிலிருந்து. காற்று வரும் பக்கத்திலும் போகும் பக்கத்திலும் ஒவ்வொன்று இருந்தால்தான், ஊருக்குள் நுழையும்போது எவ்வளவு இருந்தது, ஊர் எவ்வளவு சேர்த்தது என்று பிரிக்க முடியும். செயற்கைக்கோளுக்கு ஒரு பைசாவும் செலவிட வேண்டாம், ஆனால் நேரம் செலவிட வேண்டும். சென்டினல்-2 படத்தை ஒவ்வொரு கடப்புக்கும் மறுநாள் சேமித்து வைக்க, பொறியியல் படிக்கும் ஒரு பெண் ஒப்புக்கொண்டிருக்கிறாள். ஃபிர்ம்ஸ் மின்னஞ்சல் மாசி முதல் சித்திரை வரை மட்டும். மங்கலான நாட்களில் வேர்ல்ட்வியூவைப் பார்த்துவிட்டுத்தான் வாட்ஸ்அப் குழுவில் யாரையும் திட்டுவது என்று ஒரு தீர்மானமும் போட்டோம். ட்ரோபோமி, ஏ.ஓ.டி., கேம்ஸ் ஆகியவற்றை இப்போதைக்குத் தொடுவதில்லை.

மீதிப் பணம் ஜாடிகளுக்கு. மொத்தம் நான்கு: கிரஷருக்குக் கிழக்கே இரண்டு வீட்டு மாடிகளில் ஒவ்வொன்று, ஊர் நடுவே ஒன்று, ஒப்பிடுவதற்காகத் தூசு எட்டாத தொலைவில் ஒன்று. கிரஷரை ஒட்டிய கடைசி வீட்டு அம்மாள், நான் செயற்கைக்கோள் படங்களைத் திரையில் போட்டுக் காட்டிய அன்று, “இன்னா சார், வானத்துலேர்ந்து ஃபோட்டோ புடிக்கிறாங்கன்றீங்களே, எங்க வூட்டு மாடியில காயிற பொடவை மேல வுழற தூசு அதுல தெரியுமா?” என்று கேட்டவர். தெரியாது என்று சொன்னதற்கு மரியாதையாகவோ என்னவோ, முதல் ஜாடிக்குத் தம் மாடியைத் தந்தார். வைத்த இரண்டாம் நாளே தொலைபேசியில் அழைத்தார். “சார், காக்கா வந்து தண்ணி குடிக்கப் பார்க்குது. மூக்க வுட்டா உங்க கணக்கு தப்பாது?” கணக்கு போகட்டும், துத்தம் கலந்த நீர் காக்கைக்கு ஆகாது. இப்போது நான்கு ஜாடிகளின் வாயிலும், தூசைத் தடுக்காத அளவுக்கு அகலக் கண்ணுள்ள கம்பி வலை கட்டியிருக்கிறோம்; வெயிலில் நீர் வற்றிவிடுவதால், வாரம் ஒருமுறை காய்ச்சி வடித்த நீரை ஊற்றி மட்டத்தைச் சரிசெய்யும் பொறுப்பையும் அந்த அம்மாளே ஏற்றுக்கொண்டிருக்கிறார்.